முன்பணம் கொடுத்தவரைப் போகவிடாமல் நிறுத்தலாமா?

கேள்வி: பாரிவாக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் போடுகிறேன். தோட்ட வேலைக்கு வெளியூர்க் குடும்பம் ஒன்றை 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துத் தங்க வைத்தேன். இப்போது கட்டட வேலைக்குப் போகிறோம் என்கிறார்கள். கணக்குத் தீராமல் அனுப்ப மாட்டேன் என்றேன். ‘இது கொத்தடிமை, கேஸ் ஆகிவிடும்’ என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். கொடுத்த பணத்தைக் கேட்பது குற்றமா?
- ஒரு வாசகர், பாரிவாக்கம்

பதில்: உங்கள் மைத்துனர் உள்ளதைத்தான் சொல்கிறார். முன்பணம் கொடுத்தது குற்றமில்லை. அதைக் காட்டி ஆளைப் போகவிடாமல் நிறுத்துவதுதான் குற்றம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ இழந்தால் அது கொத்தடிமைதான். அந்தக் கடனும் சட்டப்படி ரத்து. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ‘அடித்தோமா, பூட்டி வைத்தோமா?’ என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். பூட்டே தேவையில்லை, கடன் போதும்.

இன்னொன்று, கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவன், மனைவி இருவருக்கும் அரசு நிர்ணயித்த கூலியைப் போட்டால் நீங்கள்தான் பாக்கி தரவேண்டி வரலாம். அந்தப் பாக்கியைக் கொடுத்து இன்றே அனுப்பிவிடுங்கள். நட்டம் வந்தால் காய்ப்புழு தின்ற கத்தரியோடு சேர்த்து எழுதிவிடுங்கள். இனி முன்பணம் வேண்டாம், வாரக் கூலியாகக் கொடுங்கள்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2011-ல் இங்குள்ள ஒரு செங்கல் சூளையிலிருந்து ஒடிசாக்காரர்கள் 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பக்கம் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அவர் பட்ட கடன் ஆயிரம் ரூபாய் அளவுதான் என்று செய்தி.

சூளைக்கு ஆள் வருவது மழை ஓய்ந்த பிறகு. ஊரில் அறுவடை இல்லாத நாளில் தரகர் முன்பணத்தோடு போய் நிற்பார், குடும்பத்தோடு ரயிலேற்றுவார். ஏமாற்றியோ ஆசை காட்டியோ இப்படி ஆளைக் கொண்டுவந்து சுரண்டுவது ஆள்கடத்தல். ‘அவர்களே சம்மதித்துத்தானே வந்தார்கள்’ என்ற பேச்சு எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, சம்மதம் கணக்கில்லை என்கிறது. தண்டனை ஏழு ஆண்டில் தொடங்குகிறது.

சூளைக்குள் என்ன நடக்கிறது என்பது மண் ஏற்றிப் போகும் நம் டிராக்டர்காரர்களுக்குத் தெரியும். (வயலின் மேல்மண்ணை விற்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்!) சந்தைக்கு வரும்போதும் மேஸ்திரி கூடவே நிற்கிறாரா, பள்ளி நேரத்தில் பிள்ளைகள் கல் திருப்புகிறார்களா, ஆதார் அட்டை முதலாளியிடம் இருக்கிறதா, சாவுக்கு ஊருக்குப் போகக்கூட ஒருவரைப் பிணையாக விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

கண்டால் முதலாளியிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். ராவோடு ராவாக ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். விசாரித்து விடுவிக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான். அவசரமென்றால் 112, குழந்தைகள் இருந்தால் 1098, இலவச சட்ட உதவிக்கு 15100.

மீட்டபின் கோட்டாட்சியரின் விடுதலைச் சான்று கைக்கு வந்ததா என்று ஊரில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. அதன்பின் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம் என மறுவாழ்வுத் தொகையும் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சான்று இல்லாமல் ஊருக்கு அனுப்பினால் அடுத்த மழைக்குப் பிறகு அதே தரகர் வாசலில் நிற்பார்.