வீடும் கருவியும்: குளிர மறுக்கும் குளிர்பெட்டி

ஸ்ரீவராகத்தில் குளக்கரையை அடுத்து வசிக்கும் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற மாதம் போயிருந்தோம். முதல் நாள் மாலை அரைத்து வைத்த தோசை மாவு, குளிர்பெட்டிக்குள்ளேயே பொங்கி வழிந்து கிடந்தது. பெட்டி பழுதுற்றதை முதலில் அறிவிப்பது இந்த மாவுதான் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். மாவு போனால் போகட்டும். மேல் தட்டில் பாட்டியம்மாளின் இன்ஸுலின் இருந்தது. பார்க்க வந்த மெக்கானிக்கோ, பெட்டியை நகர்த்திக்கூடப் பாராமல், “காஸ் தீர்ந்துவிட்டது; நிரப்ப வேண்டும்” என்று சில ஆயிரம் ரூபாய் கணக்குச் சொல்லிப் போயிருந்தார்.

இந்தக் காஸ் விஷயத்தில் நம்மவர்களிடையே பெரும் மயக்கம் இருக்கிறது. அடுப்புச் சிலிண்டரைப் போல் அது செலவாகித் தீர்வதன்று. கம்ப்ரசர் அதனை அழுத்துகிறது; பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவரினுள்ளோ உள்ள குழாய்களில் அது உஷ்ணத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது; உறைபெட்டிக் குழாய்களில் ஆவியாகி, உள்ளிருக்கும் உஷ்ணத்தைக் கவர்கிறது. மூடிய குழாயில் அதே பொருள் வருஷக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்குமாயின் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. எனவே, “எங்கே கசிகிறது?” என்று கேட்கத் தயங்கலாகாது.

நாம் முதலில் கதவைத் திறந்து விளக்கைப் பார்த்தோம். அது எரிந்தது, மின்சாரம் வருகிறது என்று பொருள். விளக்கு மங்கினால் மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்கு வெகுவாகக் குறைந்திருக்கக்கூடும். பிறகு காது கொடுத்துக் கேட்டோம். கம்ப்ரசர் ‘டக்’கென்று தொடங்கி உடனே அடங்கி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தால், குறைந்த மின்னழுத்தமோ, தொடக்க ரிலேயின் பழுதோ காரணமாகலாம், ரிலே சிறு செலவில் மாற்றத்தக்கது. இங்கு அதுவுமில்லை. கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியை முன்னே இழுத்ததும் உண்மை புலப்பட்டது. வெள்ளையடித்தபின் அதனைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டார்கள். பின்புறக் குழாய்களில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. உஷ்ணம் வெளியேற வழியில்லை. கதவிடுக்கில் வைத்த காகிதத் துண்டும், இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. ரப்பர் பட்டை பிடிப்பற்றிருந்தால், நமது ஊரின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, உறைபெட்டியில் பனிக்கட்டியாகத் தடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் தூரிகையால் துடைத்து, பட்டையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினோம். பனிக்கட்டி தானே உருகக் காத்திருந்தோம். கத்தியால் குத்துவோர் உண்டு. குழாய் துளையானால் அப்போது காஸ் மெய்யாகவே போய்விடும்!

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். ஓடும் பெட்டியை நிறுத்தினால், ஐந்து நிமிஷமாவது கழித்தே மீண்டும் இயக்க வேண்டும். மறுநாள் காலை, நடுத்தட்டில் ஒரு தம்ளர் நீரில் இட்ட தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது. உறைபெட்டி குளிர்ந்து, கீழ்ப்பகுதி மட்டும் குளிராதிருந்தால், பனி படியாத வகைப் பெட்டிகளில் உள் விசிறியையோ, பனியால் அடைபட்ட காற்று வழியையோ ஐயுற வேண்டும்.

மெய்யாகவே கசிவு என்றால், அது நம் கைவேலையன்று. பழைய பெட்டிகளில் ஓஸோன் படலத்தை அரிக்கும் ஆர்-12 இருந்தது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை அதன் முடிவுக்கு வழிகோலியது. இன்று பல பெட்டிகளில் உள்ள ஐசோபியூட்டேன் எனும் ஆர்-600ஏ தீப்பற்றும் இயல்புடையது. பின்புறச் சீட்டில் அப்பெயர் இருந்தால், அதில் பழகியவரை அழைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து வேலை செய்விக்க வேண்டும்.

இன்ஸுலின் பற்றி ஒரு சொல். திறவாத புட்டிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்து போனதை எறிந்துவிட வேண்டும். மதுரைப் பக்கத்து உறவினர் கூறும் மண்பானை உபாயம், நம் ஈரக்காற்றில் அத்தனை குளிர்ச்சி தராது. சூடேறிக் கிடந்த புட்டியைப் பயன்படுத்தலாமா என்று டாக்டரைக் கேட்கும்படி சொன்னோம். பாட்டியம்மாள் அதற்குள் புதுப் புட்டி வாங்கி, தெருமுனை மருந்துக் கடைக்காரரின் பெட்டியிலேயே ஓரிரவுக்கு இடம் பிடித்துவிட்டிருந்தார்.