பழைய விசைப்பலகைக்காக ஒரு வழக்கு



புதுமையை வரவேற்பவன் நான். ஆனால், உழைக்கும் பொருளைப் பழமை என்ற ஒரே குற்றத்துக்காகக் குப்பையில் எறிவது புதுமையாகுமா?

கம்பியில்லா விசைப்பலகையையும் மவுஸையுமே சொல்கிறேன். என் மேசைமீதிருப்பது பழைய இணை. அதன் மூடியைத் திறந்து, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல்லை எவரும் மாற்றலாம். இன்று வரும் பலவற்றிலோ மின்கலம் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. அது சோர்ந்தால் கருவியும் சோர்கிறது!

தமிழ் எழுதப் புதுக் கருவி வேண்டாவா என்பீர்கள். வேண்டியதில்லை. விசைப்பலகை அனுப்புவது எழுத்தையன்று. எந்த விசை அழுந்தியது என்ற செய்தியை மட்டுமே. எழுத்தாக்குவது கணினியிலுள்ள மென்பொருள். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டிப் பிறந்த தமிழ்99 முறையில் உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ எனத் தட்டினால் 'அம்மா' வருகிறது. புள்ளி தானே விழுகிறது. இருபதாண்டுப் பலகையும் இதற்குப் போதும்.

குறையே இல்லையா? உண்டு. ரிசீவர் தொலைந்தால் இணை முடமாகும். விடுமுறையில் செல்லைக் கழற்றாவிட்டால் அது கசிந்து தகட்டை அரிக்கும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் விசைப்பலகைகள் சிலவற்றின் மறைகுறியை 2007-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர்; ஆகவே அவற்றில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். கட்டுரை எழுதத் தடையென்ன?

பாலக்காட்டு எல்லையில், தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் எங்கள் பெருமாட்டிக்கு இது வெறும் சிக்கனப் பேச்சன்று. எங்கள் ஊராட்சியின் பிளாச்சிமடையிலே, குளிர்பான ஆலையொன்றின் கசடு உரமென்று உழவர்களுக்கு வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் காரீயமும் இருந்தமை 2003-இல் சோதனையில் வெளிப்பட்டது. நிலத்தடி நீருக்காக ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004-இல் ஆலை நின்றது. பழைய நிக்கல்-காட்மியம் மின்கலத்தில் இருப்பதும் அதே காட்மியம். பழைய மின்சுற்றுப் பலகையின் பற்றவைப்பில் இருப்பதும் அதே காரீயம்! நாம் எறிவது எந்த ஊர்க் கிணற்றுக்குப் போய்ச் சேரும்?

ஆகவே தோழர்களே, உழைக்கும்வரை உழைக்க விடுங்கள். ஓய்ந்தபின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்தில் சேருங்கள். புதிது வாங்கியே தீரவேண்டுமெனில், விலையைக் கேட்குமுன் ஒன்று கேளுங்கள்: மின்கல மூடி திறக்குமா? திறவாத பொருளுக்கு நம் பணப்பையும் திறவாதிருக்கட்டும்!