ஓசை வேறு, இரைச்சல் வேறு

1970 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான வேளையில், பொன்டியாக் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றும் இடம்பெற்றது. ஜி.ரீ.ஓ. காரின் சாரதி ஒரு குமிழை இழுக்கிறார். அதுவரை அடக்கமாக ஒலித்த கார் உறுமத் தொடங்குகிறது. சைலன்சருக்குள் இருந்த தடுப்புகளை இயந்திரத்தின் வெற்றிடச் சக்தியால் திறந்து மூடும் ஏற்பாடு அது. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டோர்ஸின் மேலிடம் இதனை இரசிக்கவில்லை. விளம்பரம் நிறுத்தப்பட்டது; அந்தக் குமிழும் விற்பனைப் பட்டியலிலிருந்து விரைவிலேயே நீக்கப்பட்டது. அது பொருத்தப்பட்ட சொற்பமான கார்களைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் திரிகிறார்கள்.

அந்தக் குமிழை வடிவமைத்தவர்கள் ஓர் உண்மையை விளங்கி வைத்திருந்தார்கள் என்பது எனது கருத்து. ஒரே மனிதனுக்கு இரண்டு ஓசைகள் தேவை. மக்கள் உறங்கும் தெருவுக்கு ஒன்று, ஆளில்லாத நெடுஞ்சாலைக்கு மற்றொன்று. பழைய மசில் கார்களைப் புதுப்பிக்கும் பலர் இன்று மறந்துவிட்ட உண்மை இதுதான்.

மசில் கார் என்பது நடுத்தர அளவான காருக்குள் மிகப் பெரிய வி-8 இயந்திரத்தை இருத்திய அமெரிக்கக் குறும்பு. 389 கன அங்குல (ஏறத்தாழ 6.4 லீற்றர்) இயந்திரத்துடன் 1964 இல் வந்த ஜி.ரீ.ஓ. அதனைப் பிரபலமாக்கியது. செவெல், சார்ஜர், கமாரோ, மஸ்டாங் என்று வரிசை நீண்டது. எழுபதுகளின் முற்பகுதியில் காப்புறுதிக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தன. எஞ்சியுள்ள கார்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் சைலன்சருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. குறுகிய ஓட்டங்களில் குழாய்க்குள் தேங்கும் நீர் அதனை உள்ளிருந்தே அரித்துவிடும். ஆகவே இத்தகைய காரை வைத்திருப்பவர் எவரும் என்றாவது ஒருநாள் புதிய சைலன்சரைத் தெரிவு செய்தே ஆகவேண்டும்.

அங்கேதான் தவறு நிகழ்கிறது. "எது அதிகம் சத்தமிடும்?" என்பதே பலரின் முதற் கேள்வியாக இருக்கிறது.

வி-8 இன் துடிப்பு சைலன்சர் தருவது அல்ல. இயந்திரத்தின் பிறவிக் குணம். எட்டுச் சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடித்தாலும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒழுங்காக மாறி மாறி வெடிப்பதில்லை. சில வேளைகளில் ஒரே பக்கத்தில் இரண்டு அடுத்தடுத்து வெடிக்கும். அந்த ஒழுங்கின்மையே நாம் இரசிக்கும் தாளம். சைலன்சரின் வேலை பத்திரிகை அலுவலகத்தின் உப ஆசிரியருடைய வேலையைப் போன்றது: செய்தி நிருபருடையது, வெட்டிச் செம்மைப்படுத்துவது மட்டுமே அவருடையது. எதையும் வெட்டாத உப ஆசிரியரால் யாருக்கும் பயனில்லை.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளே உலோகத் தகடுகளால் அறைகள் பிரிக்கப்பட்ட சைலன்சர், ஒலி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுக் குறைக்கிறது; ஆழ்ந்த, கரகரப்பான குரல் அதற்கு. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த 'கிளாஸ்பாக்' மலிவானது, உரத்தது. இழை எரிந்து கரையக் கரைய இன்னும் உரக்கும். 'டேர்போ' எனப்படுவது வாயுவை வளைத்து நெளித்து அனுப்புவது, அடக்கமானது. அன்றாடம் ஓடும் காருக்கு இந்த மூன்றாவது வகையையோ பெரிய உடலுடைய அறைச் சைலன்சரையோதான் நான் பரிந்துரைப்பேன். இரு பக்கக் குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாயைத் தவிர்க்கக் கூடாது. 'எச்' வடிவம் பழைய ஆழ்ந்த குரலைப் பேணும். 'எக்ஸ்' வடிவம் ஓசையைச் சீராக்கிச் சற்றே உயர்த்தும்.

"இயந்திரத்துக்குப் பின்னழுத்தம் வேண்டும்" என்று ஒரு சாராரும், "குழாய் பெருத்தால் சக்தி பெருகும்" என்று மறு சாராரும் வாதிடுவர். இரண்டும் அரைகுறை. இயந்திரத்துக்குத் தேவை பின்னழுத்தம் அல்ல, வெளியேறும் வாயுவின் வேகம். வேகமாகச் செல்லும் ஒரு துடிப்பு, பின்னால் வருவதை இழுத்துச் செல்லும். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இழுவிசை குன்றும். முந்நூறு முதல் நானூறு வரையான குதிரை வலுவுள்ள இயந்திரத்துக்கு இரண்டரை அங்குல இரட்டைக் குழாய் தாராளம். மூன்று அங்குலம் பந்தயக் களத்துக்குரியது. வளைவுகளில் குழாய் நசுங்காதபடி உள்ளே அச்சு வைத்து வளைக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குவது, விட்டத்தைக் கூட்டுவதைவிடப் பயன் தரும்.

பொருத்தும் வேலையில் அவசரம் ஆகாது. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் எவரும் புகக்கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். எல்லாவற்றையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, இடைவெளிகளைச் சரிபார்த்த பின்னரே முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். இயந்திரம் றப்பர் தாங்கிகளில் அசையும். குழாயும் அதனோடு அசைய இடம் வேண்டும். பிரேக் குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் அருகே சூடு நெருங்கக் கூடாது. பின்குழாய் காரின் உடலுக்கு வெளியே முடிய வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காருக்கு அடியிலேயே வாயுவைக் கக்கும் குட்டைக் குழாயை 'ஸ்டைல்' என்று வைத்திருப்பவர், தமது பிள்ளைகள் பின்னிருக்கையில் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ண வேண்டும்.

"இந்தக் கார்கள் பிறப்பிலேயே உரத்தவை, அடக்கினால் வரலாறு பொய்யாகிவிடும்" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆனால் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. தொழிற்சாலை இவற்றைச் சைலன்சருடன்தான் விற்றது. இன்று தெருவை அதிரவைக்கும் பல கார்கள் 1969 இல் விற்பனை நிலையத்திலிருந்து வெளியேறியபோது இருந்ததைவிட மிக உரத்தவை. அவர்கள் காப்பாற்றுவது வரலாற்றை அல்ல, திரைப்படம் தந்த கற்பனையை.

இதில் பணயம் வைக்கப்படுவது அயலவரின் தூக்கம் மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 1975 ஆம் ஆண்டும் அதற்கு முன்னரும் தயாரான கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஒலிக்கு விலக்கில்லை. சாதாரண கார்களுக்கு அங்கு 95 டெசிபெல் எல்லை. புகை விலக்கு என்பது பொதுமக்களின் நல்லெண்ணத்தால் நிலைப்பது. அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு தெருவையே எழுப்பும் ஒவ்வொரு காரும் அந்த நல்லெண்ணத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. சேமிப்பு தீர்ந்தால் இழப்பு அமைதியாக ஓட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

காலத்தின் வேடிக்கை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். டொட்ஜ் நிறுவனம் 2022 இல் காட்சிப்படுத்திய மின்சாரச் சார்ஜர், எரிக்க எரிபொருளே இல்லாதபோதும், ஒலிபெருக்கியும் காற்றறையும் கொண்டு செயற்கை உறுமல் எழுப்பியது. 126 டெசிபெல் வரை என்று நிறுவனமே பெருமை கொண்டது. போலி உறுமலை எவரும் விலைகொடுத்து வாங்கலாம் என்ற நிலை வந்தபின், உரத்துக் கத்துவதில் என்ன தனிச்சிறப்பு இருக்கிறது? ஐம்பது ஆண்டு பழைமையான இயந்திரம் தன் சொந்தக் குரலில், தாழ்ந்த சுருதியில் பேசுவதே இனி அபூர்வம். அந்தக் குரல் கேட்கும்படியாகவும் அயலவர் உறங்கும்படியாகவும் ஒரு சைலன்சரைத் தெரிவு செய்வது கடினமான காரியம் அல்ல. குமிழ் இப்போது காரில் இல்லை; உரிமையாளரின் கையில் இருக்கிறது.