கொடிய பறவையா, காட்டின் உழவனா?

உலகிலேயே மிகக் கொடிய பறவை எது என்று கேட்டால், காசோவரி என்று விடை கூறுவோர் பலர். பெயர் சூட்டுவது எளிது. சூட்டிய பெயர் பொருந்துமா என்று எண்ணிப் பார்ப்பதன்றோ கற்றவர் கடமை?

நியூகினியிலும், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குயின்ஸ்லாந்து மழைக்காடுகளிலும் வாழ்வது இப்பறவை. ஏறத்தாழ ஆள் உயரம், மயிர்போல் தொங்கும் கரிய இறகு, நீலக் கழுத்து, தலைமேல் கொம்பு போன்றதொரு மகுடம். பறக்க இயலாது. காலின் உள்விரலில் 12 சென்டிமீட்டர் வரை வளரும் கட்டாரி நகம் உண்டு. அந்த நகந்தான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

ஆனால் அதன் வாழ்வைப் பாருங்கள். தனித்துத் திரியும், உதிர்ந்த பழங்களை முழுதாக விழுங்கும், விதைகளைத் தொலைவில் எச்சத்தோடு இட்டுச் செல்லும். வேறு பறவைகள் விழுங்க முடியாத பெரிய விதைகளும் அதனால் இடம் பெயர்கின்றன. குயின்ஸ்லாந்தில் ரைபரோசா இனத்தைச் சேர்ந்த அரிய மரம் ஒன்று உண்டு. அதன் விதைகளில் நூற்றுக்கு 4 மட்டுமே தாமாக முளைத்தன. காசோவரியின் வயிற்றைக் கடந்து வந்தவற்றிலோ நூற்றுக்கு 92 முளைத்தன! ஏரும் எருதும் இன்றிக் காட்டை விதைக்கும் உழவன் அது.

பெண் பறவை பச்சை நிற முட்டைகளை இட்டு அகன்றுவிடும். ஆண் பறவையே ஏறத்தாழ 50 நாள் அடைகாத்து, பின்னர் ஒன்பது மாதம் வரை குஞ்சுகளைக் காக்கிறது. இறைவனைத் தாயுமானவன் என்று போற்றும் நமக்கு இந்தத் தந்தையின் அருமை புரியாதா?

அப்படியானால் அது மனிதரைத் தாக்குவதில்லையா? தாக்குகிறது. 1926இல் அதை அடிக்கச் சென்ற சிறுவன் ஒருவன் தடுக்கி விழுந்து, உதைபட்டு மாண்டான். பிற்காலத் தாக்குதல்களை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. மனிதர்மீது நிகழ்ந்த 150 தாக்குதல்களில் முக்கால் பங்கு, மனிதர் உணவிட்டுப் பழக்கிய பறவைகளால் நிகழ்ந்தவை. கை நீட்டியவன் கையில் பழம் இல்லையென்றால் பறவை சினக்கிறது. அச்சம் தெளிந்து சாலைக்கும் குடியிருப்புக்கும் வரும் பறவை, வண்டியில் அடிபட்டும் நாயிடம் சிக்கியும் மடிகிறது. அதனாலேயே அங்கு அதற்கு உணவிடுதல் சட்டப்படி குற்றம்.

பசித்தவர்க்குச் சோறிடுவது நம் மரபு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் காட்டுயிர் இரவலன் அன்று. அதற்குத் தன் உணவைத் தேடத் தெரியும். தேடுவதற்குக் காடுதான் வேண்டும். காட்டை அழித்துவிட்டு ஒரு பழத்தை நீட்டுவது ஈகை ஆகுமா?

நண்பர்களே, விடுதி மாடியில் குரங்குக்கு ரொட்டி எறிந்து மகிழ்பவர்களும் நாமே. மறுநாள் அது அறைக்குள் புகுந்து பையைப் பறித்தால், பொல்லாத குரங்கு என்று கல்லெடுப்பவர்களும் நாமே. காசோவரிக்குக் கொடியது என்று பெயரிட்ட உலகம் செய்ததும் இதுவே.

விலகி நின்று வாழ விடுவதும் அன்புதான். அந்த அன்பை நாம் இன்னும் கற்கவில்லை.