முதற்பொருள் இல்லாத படம்

ராம்சார் உடன்படிக்கையின் கீழ் "ஈரநில நகரம்" என்னும் அங்கீகாரம் முதன்முதலாக 2018 இல் வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெத்தகான, தியசரு, தலங்கம முதலிய இடங்களில் விடியற்காலையில் உலாவச் செல்வோர் பலரது கையில் இன்று கமராவும் உடன்செல்கின்றது. மாணவரும் ஆசிரியரும் அவ்வாறு எடுத்த படங்கள் எமது மேசைக்கு வந்தவண்ணம் உள்ளன. அவை அழகியன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் கீழே எழுதப்பட்டிருப்பது யாது? "அழகிய பறவை", "இயற்கையின் எழில்", "காலைக் காட்சி". அவ்வளவே.

தொல்காப்பியம் கற்பிப்போர் இக்குறையை எளிதில் உணர்வர். நிலமும் பொழுதும் முதற்பொருள்; புள்ளும் விலங்கும் மரமும் கருப்பொருள். முதலை விட்டுக் கருவை மாத்திரம் காட்டும் படம் எத்திணைக்கும் உரியதன்று. மருதத்துக்கு வைகறையும் விடியலும் உரிய சிறுபொழுதுகள் என்பது நூலின் துணிபு. கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளுட் சில, முன்னாளில் நெல் விளைந்து பின் கைவிடப்பட்ட வயல்கள். ஆகவே விடியலில் அங்கே கமராவோடு செல்லும் மாணவன் மருதத்தினுள்ளேதான் நடக்கின்றான். பரீட்சைக்காக மனனஞ் செய்த சூத்திரம் தன் காலடியிற் கிடப்பதை அவன் அறியான். அறிவித்தல் எம்போன்ற ஆசிரியர் கடன்.

நீள்வால் இலைக்கோழியை எடுத்துக்கொள்வோம். அல்லி இலைகளின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் அப்பறவை முட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும் படத்துக்கு "தாய்மை" என்று தலைப்பிடாதார் அரியர். அமர்ந்திருப்பதோ தாயன்று, தந்தை. பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறொரு சேவலை நாடிச் செல்லும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் சேவலின் தொழில். சற்றே பொறுத்திருந்து நோக்கியவனுக்கே இது புலனாகும். படம் எடுக்க ஒரு கணம் போதும், பறவையை அறிய ஒரு காலைப்பொழுதும் போதாது. இன்னும் தெளிவான படம் வேண்டிக் கூட்டை நெருங்குவோரும் உளர். அச்சேவல் அஞ்சி அகன்றால் முட்டைகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். அத்தகைய படம் எத்துணை அழகியதாயினும் எமக்கு வேண்டா.

நீர்க்காகம் சிறகை விரித்து நிற்பது எமது கமராவுக்கு முகங்காட்டவன்று. நனைந்த இறகை உலர்த்தவே. இதனையும் ஒரு வரியில் எழுதலாமன்றோ?

பெயரும் நாளும் இடமும் குறிக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது புலமைப் பிடிவாதத்தால் அன்று. 2010 நவம்பர் மாதப் பெருமழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்துள் அகப்பட்டது. மழைநீரைத் தாங்கிவைத்து மெல்ல விடுக்கும் இச்சதுப்புகள் மண்ணிட்டு நிரப்பப்படுந்தோறும் அந்நீர் மனைகளை நோக்கித் திரும்பும். பெல்லன்வில–அத்திடிய 1990 இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பின்னும் அங்கே மண்ணும் குப்பையும் கொட்டப்பட்டன. "இங்கு முன்னரே ஒன்றும் இருந்ததில்லை" என்று நாளை ஒருவர் கூறுவாராயின், அவர்முன் வைக்கத்தக்கது எது? இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன புள் கூடு கட்டியிருந்தது என்னும் குறிப்போடு கூடிய படமே. குறிப்பற்ற படம் சுவருக்கு அணியாகலாம், வழக்குக்குச் சான்றாகாது. இரவில் இரைதேடும் மீன்பிடிப் பூனை இந்நகரச் சதுப்புகளில் வாழ்வதை, நாளும் நேரமும் பொறிக்கும் தானியங்கிக் கமராக்கள் காட்டியுள்ளன. இயந்திரம் தவறாது செய்யும் அவ்வேலையை மனிதர் மறந்துவிடுகின்றனர்.

ஆதலால் இனி இப்பகுதிக்குப் படம் அனுப்புவோர் இடம், நாள், நேரம் மூன்றையும் எழுதியே அனுப்புக. பறவையின் பெயர் தெரியாதாயின் அது யாது செய்துகொண்டிருந்தது என்பதை மூன்று வரியில் எழுதுக. பெயரை நாம் தேடித் தருவோம். ஒரே குளக்கரைக்கு மாதந்தோறும் சென்று எடுத்த படங்களைப் பாடசாலை மாணவர் கூட்டாக அனுப்புவாராயின், அவற்றுக்கு முதலிடம் தரப்படும்.