சேவைக்கு லீவு குடுங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே நாள்ல குடுக்காதீங்க!

1/ ஊழியர்களுக்கு சம்பளத்தோட "சேவை லீவு" குடுக்கறதைப் பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "காசு வாங்கிட்டு செஞ்சா அது சேவையா?"ன்னு ஒண்ணு. "ஆஹா, என்ன பெரிய மனசு!"ன்னு இன்னொண்ணு. சிவகங்கை மாவட்டத்துல அரசு டாக்டரா வேலை பாக்குறவனா சொல்றேன், ரெண்டுமே தப்பு.

2/ முதல் கோஷ்டிக்கு: காரைக்குடி ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னு வேலை பாக்குற பொண்ணு, ரத்தம் குடுக்க வந்தா அன்னைக்கு கூலி போச்சு. அந்த லீவுக்கு சம்பளம் வேண்டாம்னு சொல்றது, வசதி இருக்கறவன் மட்டும் தானம் பண்ணட்டும்னு சொல்ற மாதிரிதான்.

3/ இது ஒண்ணும் வெளிநாட்டு சரக்கு இல்லீங்க. மத்திய அரசு ஊழியர் வேலை நாள்ல ரத்ததானம் பண்ணா சிறப்பு தற்செயல் விடுப்பு உண்டு, வருஷத்துக்கு 4 தடவை வரை. உறுப்பு தானத்துக்கு 2023 முதல் 42 நாள் வரை.

4/ தனியார்ல? 2013 கம்பெனி சட்டப்படி பெரிய கம்பெனிங்க லாபத்துல 2% சமூகப் பணிக்கு செலவழிக்கணும். ஊழியருக்கு சேவை லீவு குடுக்கணும்னு அதுல எந்தக் கட்டாயமும் இல்ல. முதலாளி மனசு வச்சாதான் உண்டு.

5/ இப்ப ரெண்டாவது கோஷ்டி. லீவு குடுக்குற கம்பெனியும் என்ன பண்ணுது? ஒரே கலர் டி-ஷர்ட், பேனர், வார்டுல ஆளுக்கொரு வாழைப்பழம், போட்டோ. படுத்திருக்கற நோயாளிகிட்ட போட்டோ எடுக்கலாமான்னு யாராவது கேட்டீங்களா?

6/ ரத்ததான முகாமும் அப்படித்தான். ஆகஸ்ட் 15, தலைவர் பிறந்தநாள்னு ஒரே நாள்ல மொத்த ஆபீஸும் வந்து குடுக்கும். நல்ல மனசுதான். கணக்கு மட்டும் இடிக்குது. பாருங்க.

7/ தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். ஆகஸ்ட் 20க்கு மேல உதவாது. சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள். செப்டம்பர் 26ல அதுவும் முடிஞ்சுது. ஆனா அன்னைக்கு ரத்தம் குடுத்த ஆம்பளைங்க மறுபடி குடுக்க 3 மாசம், பொம்பளைங்க 4 மாசம் ஆகணும்.

8/ அதாவது அக்டோபர்ல பையும் இல்ல, குடுக்க ஆளும் இல்ல. மழை ஆரம்பிக்கும், டெங்கு வரும். பிரசவத்துல ரத்தப்போக்கு எந்த மாசமும் வரும், அது காலண்டர் பாத்து வராது. ராத்திரி 2 மணிக்கு அந்தப் பொண்ணோட புருஷன் போன்ல இருக்கற ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டுக்கிட்டு இருப்பான்.

9/ 120 பேர் இருக்கற ஆபீஸ்னா, மாசம் பத்துப் பேரா அனுப்புங்க. அதே ஆளுங்க, அதே லீவு, செலவு ஒரு பைசா கூடாது. பேனருக்குக் கூட்டம் சேராது, அவ்வளவுதான் நஷ்டம்.

10/ இது செட்டிநாடு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்ததாலதான் காரைக்குடிக்கு சிக்ரி வந்துச்சு. 1953ல திறந்தது, இன்னைக்கும் நடக்குது. தர்மம்னா நாம போன பிறகும் வேலை செய்யணும்னு தெரிஞ்ச ஊரு. இங்க போய் ஒருநாள் கூத்து எதுக்கு?

11/ முதலாளிகளே, சம்பளத்தோட லீவு குடுங்க. தேதியை மட்டும் ரத்த வங்கி சொல்லட்டும்.

12/ ஊழியர்களே, நாளைக்கே உங்க ஹெச்.ஆர். கிட்ட ஒரே ஒரு கேள்வி: "ரத்தம் குடுத்தா எனக்கு சம்பளத்தோட லீவு உண்டா?" என்ன பதில் வந்துச்சுன்னு கீழ எழுதுங்க.