சென்னை எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று மேல்வகுப்பு மாணவர் சிலரை அண்மையில் வினவினேன். ஒருவர் "ஒன்றேகால் மணித்தியாலம்" என்றார். மற்றொருவர் "ஒரு முழு நாள்" என்றார். கிலோமீற்றரில் விடை பகர்ந்தவர் எவருமிலர். ஆயினும் இருவர் கூற்றும் பிழையன்று.

பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து அது 640 கிலோமீற்றர் அளவினது. எனவே, கொழும்பு வழியே செல்லும் யாழ்ப்பாணத்தவர், வடக்கேயுள்ள நகரை அடைதற்பொருட்டு முதலில் தரைவழியே 400 கிலோமீற்றர் வரை தெற்கே சென்று, பின் தம் ஊர் இருக்கும் திசை நோக்கியே திரும்பிப் பறக்கின்றார்!

பறக்கும் நேரத்தை மட்டும் நோக்கின் இவ்விரு வழிகளுக்குமிடையே பெரிய வேற்றுமை இல்லை. கொழும்பு வழியில் விரைவு மிக்க ஜெட் விமானங்கள் செல்கின்றன; பலாலிக்கு வருவது உந்துவிசிறி பூட்டிய சிறு விமானம். மேலும், கால அட்டவணை குறிப்பது வானிற் கழியும் நேரத்தை மாத்திரமன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்தது முதல் மறுமுனையில் நிற்கும் வரையுள்ள நேரத்தையாம். ஆதலின் குறுகிய தூரத்திற்கும் ஒரு மணித்தியாலத்திற்கு மேலாகின்றது. இக்கணக்கைக் காட்டி, "கொழும்பு வழியே போதுமே, பலாலி எதற்கு?" என்பாருமுளர். அவர்கள் தரைவழிக் கழியும் எட்டு மணித்தியாலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்னுடன் பயின்ற நண்பரொருவர் சென்னையில் வாழ்பவர். 2015இல் அவர்தம் அன்னையார் காலமான செய்தி ஒரு மாலைப்பொழுதில் அவருக்கு எட்டியது. மறுநாட் காலை விமானமேறினார். நண்பகலுக்கு முன்னரே கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டார். ஊர் வந்து சேர்ந்தபோது இரவாயிற்று. இளையவர் கொள்ளி வைத்து, யாவும் முடிந்திருந்தன. "வானத்தில் நான் பிந்தவில்லை" என்று அவர் அன்று கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

பலாலி வழி புதியதொன்றன்று. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. பின்னர் அது நின்று, நீண்ட காலம் இல்லாதிருந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்று, நவம்பரில் பயணிகள் சேவை தொடங்கிற்று. கொள்ளைநோயால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. இவ்வாறு திறப்பதும் மூடுவதுமாயுள்ள வழியை மக்கள் எங்ஙனம் நம்புவர்? நம்பிப் பயணஞ் செய்வோர் குறையின் சேவையும் நிலைக்காது. ஆகவே, கட்டணம் சிறிது கூடினும் இவ்வழியையே நாடுமாறு சென்னை செல்லும் பழைய மாணவரை வேண்டுகின்றேன். பொதி எடை முதலிய குறைகள் உளவேல் அவற்றை உரியவர்க்கு எழுதுக; வழியைக் கைவிடற்க.

நண்பர் 2023இல் தாயாரின் திவசத்திற்குப் பலாலி வழியே வந்தார். காலையிற் சென்னையை விட்டவர், மத்தியான உணவுக்கு வீட்டிலிருந்தார்.